மாட்டுக்கு ஒரு ‘வா’, கோழிக்கு ஒரு ‘வா’

பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆள் வரப்போகிறார், உங்கள் அப்பாவின் பேச்சை எழுதிக்கொண்டு போக, என்று பாதிரியார் வந்து சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்பாவின் பேச்சா? அந்த மனுஷன் நாள் முழுக்கப் பேசுவது நாயோடு. என்னோடு பேசுவது தட்டால். பசித்தால் கரண்டியால் தட்டில் இரண்டு தட்டு தட்டுவார், நான் ஓடிப் போய் நிற்க வேண்டும். முப்பத்தாறு வயதில் தட்டுச் சத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அதை எழுதிக்கொள்ள ஒரு படித்த ஆள் பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறாராக்கும்!

அது ஐம்பத்து மூன்றாம் வருடத்து அக்டோபர். ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், சாலை முடிந்து மேய்ச்சல் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் பண்ணை. அப்பா கிட் ஐவ்ஸன், தம்பி வில்ஃப், நான் வின்னி. எனக்கு அந்த மாதம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நவம்பரில் வில்ஃபுக்குக் கல்யாணம். கட்டிக்கொள்ளப் போகிற டோரீன் அடிக்கடி வந்து திரைச்சீலைக்கு ஜன்னல்களை அளந்துவிட்டுப் போவாள். என் சமையலறையில் நின்றுகொண்டு என் கெட்டிலைத் தூக்கிப் பார்த்து, “இது ரொம்பப் பழசாயிடுச்சு இல்லக்கா?” என்பாள். எனக்கு மாடியில், குளிர்காலத்துக்கு ஆப்பிள் பரப்பி வைக்கிற அறையை ஒழித்துத் தருவதாக முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். என்னைக் கேட்கவில்லை, அது மட்டும் தெரியும்.

“உனக்கென்ன குறைச்சல்? சோறு இருக்கு, கூரை இருக்கு” என்றான் வில்ஃப்.

“ஆப்பிளோட ஆப்பிளா என்னையும் வைக்கோல்ல சுத்தி வெச்சிடு, ஏப்ரல் வரைக்கும் கெடமாட்டேன்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

போக வேண்டியதுதானே என்பீர்கள். லீட்ஸில் பெரில் இருந்தாள். போர்க்காலத்தில் குண்டுத் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். தன் வீட்டில் ஒரு கட்டில் சும்மாத்தான் கிடக்கிறது என்று சொல்லியிருந்தாள். ஆனால் நான் யாராவது கூப்பிட்டால்தான் நகர்ந்து பழகியவள். அரசாங்கம் கூப்பிட்டது, லீட்ஸுக்குப் போனேன். அம்மா போய்ச் சேர்ந்ததும் அப்பா கூப்பிட்டார், திரும்பி வந்தேன். இடையில் நானாக ஒரு படி இறங்கியதில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து நடந்து, துடைத்த விளக்கையே திரும்பத் துடைத்துக்கொண்டு, வெளியே காற்று கதவை ஆட்டினால்கூட யாரோ என்னைத்தான் தேடி வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். எரிச்சலாக இருக்கும். என் மேலேயே.

அப்படியிருக்கும்போதுதான் பாஸ்க் வந்து சேர்ந்தார். ரோலண்ட் பாஸ்க். ஒல்லியான, காது பெரிய மனிதர், நாற்பது இருக்கும். நாட்டிங்ஹாம் பக்கத்துக்காரர். எங்கள் முன்னறையில் தங்கிக்கொண்டு, தினமும் காலையில் அப்பாவின் எதிரே ஒரு தடித்த கேள்விப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்.

அவர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சொல் வேண்டுமோ அதை அவர் வாயால் சொல்லவே கூடாது. சொன்னால் எதிராளி அதையே திருப்பிச் சொல்லிவிடுவான், அவன் சொந்தச் சொல் போய்விடும். அதனால் சுற்றி வளைத்துக் கேட்பார். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, புருவத்தைத் தூக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருப்பார். மீதியை நாம் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் அவர் துரத்திக்கொண்டிருந்தது ‘வா’ என்கிற சொல்லை. நாங்கள் ‘கம்’ என்போமே, அதைத்தான். நான்கெழுத்தில் எழுதுகிற அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷில் இல்லாத வேலை இல்லை என்று அவர் சொன்னார். வெண்ணெய் திரண்டாலும் ‘கம்’தான், மயங்கி விழுந்தவன் கண் திறந்தாலும் ‘கம்’தான், மதில் சரிந்தாலும், விதை முளைத்தாலும், புளுகுகிறவனைப் ‘போதும் நிறுத்து’ என்று அதட்டினாலும் அதுதான். அதே சமயம் நிஜமாகக் கூப்பிடும்போது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள், மிருகத்துக்கு மிருகம் வேறு வேறு சொல். அதையெல்லாம் பிடித்து எழுத வேண்டுமாம்.

“பசுக்கள் அந்தக் கோடியில மேயுது. பால் கறக்கணும். நீங்க வேலி ஓரத்துல நின்னுக்கிட்டு…” என்று நிறுத்தினார் பாஸ்க்.

“குஷ், குஷ், குஷ்!” என்று அப்பா கூரை அதிரக் கத்தினார். தொழுவத்திலிருந்து பதில் வந்தது.

“கோழிகள்?”

“சுக் சுக் சுக்.”

“பன்றி?”

“கிஸ்ஸி, கிஸ்ஸி. மெதுவா சொல்லணும் வாத்தியாரே. பன்னிக்கு ரோஷம் ஜாஸ்தி.”

குதிரைக்கு ‘கம்-எதர்’. ஆனால் அது வராது, இடப்பக்கம் திரும்பும். நாய்க்கு ‘கம்-பை’. அதுவும் வராது, மந்தையைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டு விலகி ஓடும். “வான்னு சொன்னா போகுதே!” என்று பாஸ்க் ஆச்சரியப்பட்டபோது, அப்பா பைப்பை வாயிலிருந்து எடுத்து, “வான்னா வர்றதுக்கு அது என்ன மனுஷனா?” என்றார். வருடக்கணக்கில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தன் பேச்சை ஒருவன் எழுதுகிறான் என்றதும் கிழவருக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் பாஸ்க் பக்கத்தைப் புரட்டினார். “வீட்டுப் பொம்பளைங்க உள்ள இருக்காங்க. நீங்க இங்க இருக்கீங்க. அவங்க பக்கத்துல வரணும். அப்ப நீங்க…”

அப்பா யோசிக்கவே இல்லை. மேஜை மேலிருந்த தட்டை எடுத்தார், கரண்டியால் இரண்டு தட்டு தட்டினார். என் கால் தானாக எழுந்துவிட்டது. கையில் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தோடு பாதி அறை வரை வந்துவிட்டேன்.

பாஸ்க்கின் பென்சில் தாள் மேல் அப்படியே நின்றது. அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு என்னைப் பார்த்தார். பாவம் என்கிற பார்வை இல்லை அது. வெட்கப்பட்டவர் அவர்தான், அப்பாவுக்காக. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் நான் வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“இன்னும் வரலையா?” என்று கேட்டார்.

“வரும். அவசரப்பட்டா வராது. என் பேச்ச எழுதிக்கலையா? வெண்ணெய் கடையறது அப்பா இல்ல, நான்தான்.”

அவர் காது சிவந்தது. “உங்க பேச்ச எழுத முடியாது, மிஸ் ஐவ்ஸன். ரெண்டு வருஷம் லீட்ஸ்ல இருந்தீங்களாமே. வெளியூர்ப் பேச்சு கலந்திருக்கும். ஊரை விட்டு நகராதவங்க பேச்சதான் எடுக்கணும்னு…”

“கலந்திருக்குமா? நான் என்ன பாலா, தண்ணி கலக்க?”

“நான் சொல்லல. சட்டம் அப்படி.”

“உங்க சட்டத்தத் தூக்கி உடைப்புல போடுங்க!” என்று கடைகிற பீப்பாயின் பிடியை இன்னும் வேகமாகச் சுற்றினேன். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பென்சிலைச் சட்டைப் பையில் போட்டார், என் கையிலிருந்து பிடியை வாங்கிக்கொண்டு சுற்றத் தொடங்கினார். தப்பும் தவறுமாகச் சுற்றினார். வெண்ணெய் வர மத்தியானமாகிவிட்டது. அதுவரை பேசிக்கொண்டிருந்தோம். தொழிற்சாலை, பெரில், சனிக்கிழமை நடனம், வெடிமருந்து பட்டு மஞ்சளாகிப் போன என் கைத்தோல், எல்லாம் சொன்னேன். ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க நான் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் தினமும் சாப்பாடானதும் துண்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் துடைக்க வந்துவிடுவார். மூன்றாம் நாள் ‘வின்னி’ என்றார், மிஸ் ஐவ்ஸன் என்று நான் திருத்தப் போகவில்லை. தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். பின்னால் ஒரு சின்னத் தோட்டம், பட்டாணி போட்டால் வருமாம். “உங்களுக்குக் காஸ் அடுப்பு பழக்கம் உண்டா?” என்று ஒருநாள் கேட்டார். உண்டு என்றேன். “நல்லது” என்றார். அவ்வளவுதான். நான் அன்று முழுக்க அந்த ‘நல்லது’வையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, உப்பை இரண்டு தடவை போட்டேன்.

டோரீனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. “வாத்தியாரு பாத்திரம் தொடைக்கறாராமே? எதுக்காம்?”

“ஈரமா இருக்குன்னு” என்றேன்.

ஆட்டுக்கிடா கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பட்டிக்குள் பார்த்தால் பாஸ்க் மதிலோடு மதிலாக ஒட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே எங்கள் பெரிய கிடா, தலையைத் தாழ்த்திக்கொண்டு, காலால் மண்ணைப் பறித்துக்கொண்டு. அந்தப் பக்கம் அப்பா வேலி கட்டிக்கொண்டிருக்கிறார், கூப்பிடு தூரம்தான். இவரோ வாயைத் திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறார், ஆட்டுகிறார், ஆட்டிக்கொண்டே இருக்கிறார். நான் ஓடிப் போய்க் கிடாவின் கொம்பைப் பிடித்துத் திருப்பி விட்டேன். அதற்குள் முழங்காலில் ஓர் இடி வாங்கிவிட்டார்.

“ஏன் மனுஷா, வாய்ல என்ன கொழுக்கட்டையா? ‘இங்க வாங்க, காப்பாத்துங்க’ன்னு ஒரு சத்தம் போடக்கூடாது?”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன பதிலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். “ஆபத்துல ஆளக் கூப்பிடற கேள்விய உங்க அப்பாகிட்ட இன்னும் கேக்கல, வின்னி. நான் கத்தியிருந்தா அவர் காதுல விழுந்துடும். அந்த வார்த்தை கெட்டுப் போயிடும்.”

மண்ணில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவரும் சிரித்தார், அந்தப் பெரிய காதுகள் குலுங்க. இப்படி ஒரு பைத்தியத்தோடு வாழ்நாள் முழுக்க இருந்துவிடலாம் என்று அப்போது தோன்றியது. மறைப்பானேன், ஆசை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கேள்விகள் தீர்ந்தன. அப்பா ஏதோ நிலத்தை விற்றுவிட்டவர் போல முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டார். சனிக்கிழமை பகல் பஸ்ஸில் பாஸ்க் கிளம்ப வேண்டும், அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொரு கிழவர் காத்திருந்தார். ரிச்மண்ட் வரை போகிற அந்த பஸ், அங்கே மாறினால் லீட்ஸுக்கும் போகலாம், வாரத்தில் இரண்டு நாள்தான். எனக்கு வெள்ளி முழுக்கக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நீல உடையை எடுத்து இஸ்திரி போட்டேன். திரும்ப மாட்டினேன். மறுபடி எடுத்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காஸ் அடுப்பு, பட்டாணி, பெரிய காது, எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்ல நான் தயார். சொல்லாவிட்டால் ஆப்பிள் அறை. நடுவில் வேறொன்றும் இல்லை.

அவர் சமையலறைக்கு வந்தார், “வின்னி” என்றார், கெட்டிலைப் பார்த்தார், “நாளைக்கு மழை வருமா?” என்றார். எனக்கு அந்தக் கெட்டிலையே தூக்கி எறியலாம் போலிருந்தது.

சனிக்கிழமை அடுப்பில் உருளைக்கிழங்கை ஏற்றிவிட்டு, ஏப்ரனும் மரக்கட்டைச் செருப்புமாக, அவருடைய தாள் பெட்டிக்கு ஒரு கைப்பிடி பிடித்துக்கொண்டு தேவாலயச் சுவர் வரைக்கும் போனேன். நீல உடை வீட்டில் கதவில் தொங்கியது. அவர் கேட்டால் ஓடிப் போய் மாற்றிக்கொண்டு வரலாம், பஸ்காரன் நிறுத்துவான், அதெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பெட்டிகளைச் சுவரோரம் வைத்தோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. வளைவில் பஸ்ஸின் சத்தம் கேட்டது.

“வின்னி” என்றார். “ஒருத்தர் ஒரு ஊரை விட்டுக் கிளம்பறார்னு வெச்சுக்கோங்க.”

“வெச்சுக்கிட்டேன்.”

“அந்த ஊர்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்களும் தன்னோட இருந்தா நல்லா இருக்கும்னு அவருக்குத் தோணுது. ரொம்பத் தோணுது. அப்ப அவர் அவங்களப் பார்த்து…”

நிறுத்தினார். புருவம் மேலே போனது. தலை லேசாகச் சாய்ந்தது.

ஐயோ கடவுளே! பன்னிரண்டு நாளாக அப்பாவுக்கு எதிரே சாய்ந்த அதே தலை. கோழியைக் கேட்டபோதும் இப்படித்தான் சாய்ந்தது.

“அவங்களப் பார்த்து?” என்றேன்.

“அவங்களப் பார்த்து… என்ன சொல்வார்?”

“நீங்க சொல்லுங்க.”

“இல்ல வின்னி. நான் சொல்லிட்டா அது உங்களோடதா இருக்காது. உங்க வாய்ல நான் திணிச்ச மாதிரி ஆயிடும். எல்லாரும் உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தானே…” கண் கலங்கியிருந்தது அவருக்கு. “நீங்களா சொல்லணும். அப்பத்தான் அது நிஜம்.”

நல்ல மனிதர்தான். கெட்ட எண்ணம் கடுகளவும் கிடையாது. என்னைத் தட்டு தட்டிக் கூப்பிடக்கூடாது என்றுதான் அப்படி நின்றார். எனக்கு அது புரிந்தது, புரிந்ததால் இன்னும் ஆத்திரம் பொங்கியது. அந்த ஒரு சொல்லை யாராவது என்னிடம் ஆசையோடு சொல்ல வேண்டும் என்றுதானே நான் இத்தனை வருடம் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்! அதையும் நானே சமைத்து, நானே பரிமாறி, நானே சாப்பிட வேண்டுமா?

“என் பேச்சுதான் கலப்படமாச்சே!” என்று கத்தினேன். “அத வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? கேள்வி கேக்காதய்யா. தலையச் சாய்க்காத. நேரா நில்லு. நின்னு சொல்லு!”

நேராக நின்றார். வாயைத் திறந்தார். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

“இந்தப் பக்கத்துல வழக்கமா எப்படி…” என்றார்.

பஸ் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் ஒரு பெண், இருபது வயது இருக்கும், தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டு படியில் தொங்கினாள். என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை. அவளுக்குக் குளிர், அவசரம், படிக்குப் பக்கத்தில் நின்றது நான்.

“வாங்க கண்ணு, வாங்க! மழை புடிச்சுக்கறதுக்குள்ள ஏறுங்க, வாங்க!” என்றாள்.

அவள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாள். தபால்காரரையும் கூப்பிடுவாள், பன்றி ஏற்றிக்கொண்டு வருகிறவனையும் கூப்பிடுவாள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கட்டைச் செருப்பு படியில் ஏறிவிட்டது. இன்னொன்றும் ஏறிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றேன். பாஸ்க் தன் பெட்டிகளுக்கு நடுவே அப்படியே நின்றார், அவரும் ஏற வேண்டியவர் என்பதே மறந்துபோய். வழியனுப்ப வந்தவர் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அந்தப் பெண் மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டாள்.

பஸ் கிளம்பியது. இறங்கிவிடலாம், இன்னும் வேகம் பிடிக்கவில்லை. இறங்கவில்லை. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாஸ்க் முதலில் ஓர் அடி வைத்தார், பிறகு பெட்டிகளை விட்டுவிட்டு ஓடி வந்தார். அடிபட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு சாலை நடுவில் ஓடி வந்தார். வாய் நன்றாகத் திறந்திருந்தது. கத்திக்கொண்டே ஓடி வந்தார், ஒரே சொல்லை, திரும்பத் திரும்ப. பஸ் மேடேறத் தொடங்கி எஞ்சின் உறுமிய உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தாளு ஏதோ கத்தறாரே, உங்களத்தானே?” என்று கண்டக்டர் பெண் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். “என்ன சொல்றாரு?”

“கேக்கல” என்றேன்.

“பாவமா இருக்கே. நிறுத்தச் சொல்லவா? கயித்த ஒரு இழு இழுத்தாப் போதும்.”

அவள் கை கயிற்றில் இருந்தது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மேல் ஆசை போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நின்றால் ஏறிக்கொள்வார், மூச்சிரைக்க என் பக்கத்தில் உட்கார்வார், மீதி ஆயுளுக்கும் நான் கேள்வியின் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருப்பேன். சாலையில் அவர் சின்னதாகிக்கொண்டே வந்தார், கையை மட்டும் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“வேணாம், போகட்டும்” என்றேன். ஏப்ரன் பையில் காலையில் முட்டை விற்ற சில்லறை இருந்தது, அதை அப்படியே அள்ளி நீட்டினேன். “ரிச்மண்ட் ஒண்ணு குடும்மா.”

“போக வரவா கண்ணு, போக மட்டுமா?”

அந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“போக மட்டும்” என்றேன்.